வாசலில் சிக்கிய முரசு

வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் இருக்கிற இடத்தில் இருக்கப் பழகாமல் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டிருந்த நாளில், ஏழோடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஏழு ஓடைகள் அதில் ஓடின. ஆனால் ஓர் ஓடைக்குக்கூடச் சலசலப்பு கிடையாது. தண்ணீர் கல்லில் மோதும், நுரைக்கும், வளையும், போகும். சத்தம் மட்டும் வராது.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்த நாட்டின் வடக்கே குடமலை. மலை உச்சியில் செவியாண்டி என்று ஒரு மந்திரவாதி. அவனுக்கு முறம்போல் காது இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். சின்னக் காதுகள்தான், அழகான காதுகள். ஆனால் உலகத்தில் எந்த ஓசையைக் கேட்டாலும் அதன் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடும். பெயரை அவன் ஒரு தரம் சொன்னால் போதும், அந்த ஓசை இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பிப்போய் அவன் வீட்டுக் குடம் ஒன்றில் விழுந்துவிடும். அவன் தேன்மெழுகு வைத்து மூடியை ஒட்டிவிடுவான். ஓடைகளின் சலசலப்பு அப்படித்தான் போயிற்று. மாட்டு மணியின் ஓசை போயிற்று. மத்தால் தயிர் கடைகிற ஓசை போயிற்று. மழை வந்தால் கையை நீட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜா என்ன செய்தார் என்றால், அரண்மனை முரசை வைக்கோலில் பொதிந்து பரணில் ஒளித்துவைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அந்த நாட்டில் ஆலங்கரை என்ற ஊரில் பவளாயி என்று ஒரு தச்சச்சி இருந்தாள். அவள் புருஷன் மாடப்பன். வீட்டின் பக்கவாட்டில் ஓலை வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருந்தது. அதுதான் அவர்களுடைய பட்டறை. உரல், மரக்கால், முரசு என்று குடைந்து செய்கிற சாமான் எல்லாம் அங்கே செய்வார்கள். அவள் உள்ளே உளி பிடிப்பாள். அவன் வெளியே விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். “இன்னும்” என்பான். அவள் செதுக்குவாள். “இன்னும்” என்பான். செதுக்குவாள். “போதும்” என்பான். அவள் நிறுத்திவிடுவாள். பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது. பிள்ளை இல்லை. சண்டை உண்டு, சிரிப்பும் உண்டு.

ஒரு நாள் உச்சி வெயிலில் மாடப்பன் வேலியோரமாக ஒரு பலாக் கட்டையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். டொக், டொக், டொக்.

வேலிக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டில், குனிந்து நின்ற ஒருவன் நிமிர்ந்தான். செவியாண்டிதான்.

“யாரடா தட்டுவது?”

“நான்தான் சாமி. கட்டை முத்தியிருக்கான்னு பாக்கறேன்.”

“பருத்திக்காய் வெடிக்கிற ஓசைக்காக மூன்று நாளாக இந்த வேலியோரம் குனிந்து நிற்கிறேன். பெயர் நாக்கு நுனிக்கு வந்தது. நீ தட்டினாய். போய்விட்டது.”

மாடப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. “மூணு நாளா குனிஞ்சு நின்னா, இடுப்புதான் சாமி வெடிக்கும்,” என்றான்.

செவியாண்டி சிரிக்கவில்லை. “தட்டுவதுதானே உனக்குத் தெரியும்? தட்டிக்கொண்டே இரு,” என்றான்.

அடுத்த கணம் அங்கே மாடப்பன் இல்லை. சிவப்புக் கொண்டையும் பொன்னிற முதுகுமாக ஒரு மரங்கொத்தி பலாக் கட்டையின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக்.

பவளாயி உளியும் கையுமாக ஓடிவந்தாள். பறவை அவளைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்து, “பவளம், என் வேட்டி எங்கே போச்சு?” என்று கேட்டது.

அவள் செவியாண்டியின் காலில் விழவில்லை. வழியை மறித்து நின்றாள். “என்ன செஞ்சா இவரு திரும்பி வருவாரு? அதைச் சொல்லிட்டுப் போங்க,” என்றாள்.

செவியாண்டி அவளைக் கொஞ்சம் பார்த்தான். “எனக்குப் பெயர் தெரியாத ஓர் ஓசையைக் காட்டு. உன் புருஷனைத் தருகிறேன். மூன்று தரம் முயலலாம். முதல் தரம் தோற்றால் அவன் தன் பெயரை மறப்பான். இரண்டாம் தரம் தோற்றால் உன்னை மறப்பான். மூன்றாம் தரம் தோற்றால் பேச்சை மறந்து காட்டுக்குப் பறந்துவிடுவான். பிறகு ஆயிரம் மரங்கொத்தியில் அதுவும் ஒன்று.”

பவளாயி அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

நன்றாக முற்றிய பலாக் கட்டையை எடுத்தாள். இரண்டு தலையிலும் சாணம் பூசி வெடிக்காமல் நிழலில் காயவைத்தாள். பிறகு இரு பக்கமிருந்தும் குடைந்தாள். வெளியே தட்ட ஆள் வேண்டுமே? மரங்கொத்தி தட்டியது. “இன்னும்,” என்றது. “இன்னும். போதும் பவளம், கை எடு.” கேட்ட குரல்தான், அலகிலிருந்து வந்தது. எதிர் வீட்டு மூக்காயி ஆட்டுத்தோலைப் பதமாக ஊறவைத்து இழுத்துக் கட்டிக்கொடுத்தாள். தோல் வேலையில் மூக்காயிக்கு நிகர் அந்த நாட்டில் கிடையாது. வாய் வேலையிலும் அப்படித்தான்.

“ஏண்டி பவளம், ஒரு பறவையைப் போய் வாங்க போங்கன்னு கூப்பிடறியே. கேக்கறவங்க சிரிக்கறாங்க.”

“சிரிக்கட்டுங்க்கா. வீட்டுக்காரரை வா போன்னா கூப்பிட முடியும்?”

“என் வீட்டுக்காரரும் இப்படிப் பறவையா ஆனா தேவலை. சோறாவது மிச்சமாகும்.”

முரசைத் தோளில் கட்டிக்கொண்டு பவளாயி குடமலை ஏறினாள். செவியாண்டி முன்னால் நின்று ஒரே ஒரு அடி அடித்தாள்.

“மரம் அறிவேன், பலா. தோல் அறிவேன், வெள்ளாடு. அடித்த கை அறிவேன், உளி பிடித்துக் காய்த்த கை,” என்று சொல்லி, அந்த ஓசையின் பெயரையும் சொன்னான். ஓசை போய்விட்டது. அப்புறம் எத்தனை அடித்தும் அந்த முரசு தலையணையைப்போல் கிடந்தது.

வீட்டுக்கு வந்தாள். மரங்கொத்தி கூரை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. “பவளம், என்னை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டது.

“மாடப்பன்னு.”

“நல்ல பேரா இருக்கு. யாரு வச்சது?”

அவள் அடுப்பு மூட்டப் போனாள்.

இரண்டாவது முரசுக்கு அவள் நிறைய யோசித்தாள். ஒரே மரம் என்றால் சொல்லிவிடுகிறான். ஆகவே வேம்பில் ஒரு வளையம், பூவரசில் ஒரு வளையம், கருவேலத்தில் ஒரு வளையம் என்று மூன்றையும் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினாள். ஒரு பக்கத்துக்கு மான்தோல், மறு பக்கத்துக்கு உடும்புத்தோல். கையைத் தெரிந்துகொள்கிறான் என்று இடது கையில் ஈரத்துணி சுற்றி அடித்தாள்.

“மரம் அறிவேன், மூன்று. தோல் அறிவேன், இரண்டு. அடித்த கை அறிவேன், போன தரம் வந்த அதே கை, இந்தத் தரம் பயந்திருக்கிறது,” என்றான் செவியாண்டி. பெயரைச் சொன்னான். ஓசை போய்விட்டது.

திரும்பி வந்தபோது மரங்கொத்தி பட்டறை மரக்குவியலில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் இரண்டு எட்டு பின்வாங்கியது.

“யாரும்மா நீ? இது உன் இடமா? இங்கே எறும்பு நல்லா இருக்கு. கொஞ்சம் தின்னுட்டுப் போயிடறேன்.”

பவளாயி படியில் உட்கார்ந்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தோப்புக்குப் போய், எறும்பு மொய்க்கிற பட்ட மரத் துண்டுகளாகப் பார்த்து ஒரு கூடை பொறுக்கிவந்து பட்டறைக்குள் கொட்டினாள். “எவ்வளவு நாள் வேணுமோ இருந்து தின்னுங்க,” என்றாள்.

மூன்றாவது முரசு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். அவன் கேட்டிராத அளவுக்குப் பெரிதாக. அந்த அகலத்துக்கு ஒற்றை மரம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் வேங்கைப் பலகைகளாக வாங்கினாள். இருபத்தொரு பலகை. ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டி, தண்ணீர் தெளித்து, நடுவில் வளையும்படி வளைத்தாள். ஓரங்களைச் சாய்வாக இழைத்தாள். பட்டறைக்குள் அவற்றை வட்டமாக நிறுத்தி, கயிறு போட்டு இறுக்கினாள். வண்டிச் சக்கரத்துக்குப் போடுவதுபோல் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். பட்டை சுருங்கிப் பலகைகளைச் சேர்த்துப் பிடித்தது. பெருவயிற்றுத் தண்ணீர்ச் சால்போல் முரசு எழுந்து நின்றது. மூக்காயி இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு வாய்க்கு எருமைத்தோல் போட்டாள்.

மறு வாய் இன்னும் திறந்திருந்தது. உட்புறம் கரடுமுரடாக இருந்தது, இழைக்க வேண்டும். முரசைப் படுக்கவைத்து, பவளாயி உளியோடு உள்ளே புகுந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ முரசு குடைந்தவள்தான், ஆனால் முழு உடம்பும் உள்ளே போனது அதுவே முதல் தரம்.

அப்போது மரங்கொத்தி பறந்துவந்து முரசின் முதுகில் ஒட்டிக்கொண்டது. யார் முரசு, எதற்கு முரசு என்று அதற்குத் தெரியாது. மரம் இருந்தது, தட்டியது.

பவளாயியின் கையிலிருந்த உளி அப்படியே நின்றுவிட்டது.

வெளியே இருந்து கேட்டால் அது டொக் டொக்தான். உள்ளே அப்படி இல்லை. அது காதுக்கு வரவில்லை. முதுகில் வந்தது, வயிற்றில் வந்தது, பல்லில் வந்தது. முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று தெரியவில்லை. ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்த தட்டு வந்து அதைத் தாங்கிக்கொண்டது. இது என்ன சத்தம் என்று யோசித்தாள். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. அதற்கு ஒரு சொல் தேடினாள். கிடைக்கவில்லை.

மத்தியானச் சோற்றுக்கு மூக்காயி வந்து குனிந்து பார்த்தபோது அவள் அப்படியே இருந்தாள்.

“என்னடி, உள்ளே போய்த் தூங்கறியா?”

“அக்கா, இன்னொரு பக்கத்துக்குத் தோல் வேணாம்.”

“ஒரு வாய் முரசா? எங்கேடி உண்டு?”

“இங்கே உண்டு. கேக்கறவரு உள்ளே வரணும். வழி வேணுமில்ல?”

மூக்காயி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

முரசு தயாரானது. அதைக் குடமலைக்கு ஏற்றிப் போக வண்டியும் மாடும் வந்துவிட்டன. பவளாயியும் மூக்காயியும் முரசின் கழுத்தில் வடம் கட்டி வெளியே நின்று இழுத்தார்கள். திறந்த வாய் வாசலுக்கு வந்தது. நன்றாக வந்தது. பாதி முரசு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

“இழுடி.”

“இழுத்துட்டுத்தான் இருக்கேன்.”

“வாசலை அளந்தியா இல்லையா நீ?”

“அளந்தேன்க்கா. முரசு வாயையும் அளந்தேன். ரெண்டு விரக்கடை மிச்சம் இருந்தது.”

“வாய் சரி. வயிறு?”

பவளாயி வடத்தைக் கீழே போட்டாள். முரசு செய்கிறவர்கள் அளவு சொன்னால் வாயளவுதான் சொல்வார்கள். தோல் அங்கேதானே போட வேண்டும். ஒற்றைக் கட்டையில் குடைந்த முரசுக்கு அது போதும். இதுவோ பலகை வளைத்த முரசு, நடுவில் வயிறு தள்ளியது. பலகை பலகையாக வாசல் வழியே உள்ளே போனது, முரசாகி வெளியே வர மறுத்தது.

“சுவரை இடிச்சிடலாம்,” என்றாள் மூக்காயி.

“உத்தரம் அந்தச் சுவர்மேல இருக்கு. இடிச்சா கூரை இறங்கி முரசு நொறுங்கிடும்.”

இரண்டு பேரும் வாசலில் செருகிக்கொண்டிருந்த முரசைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே எங்கேயோ மரங்கொத்தி எறும்பு தின்றுகொண்டிருந்தது.

பவளாயி முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறுங்கையோடு குடமலை ஏறினாள்.

“எங்கே முரசு?” என்றான் செவியாண்டி.

“வாசல்ல சிக்கிக்கிச்சு சாமி.”

“என்ன?”

“வீட்டுக்குள்ளயே செஞ்சேன். வெளியே வர மாட்டேங்குது.”

செவியாண்டிக்கு நூறு வருஷமாகச் சிரிப்பு வந்ததில்லை. அன்று வந்தது. சிரித்து முடித்ததும் அவனுக்கு ஒரு யோசனை. வெளியே வராத முரசு என்றால், அதன் ஓசையும் வெளியே வந்திருக்காதே. அது எப்படி இருக்கும்? யோசனை அரிப்பாகிவிட்டது. செருப்பை மாட்டினான். “நட,” என்றான்.

ஆலங்கரையில் ஊரே கூடி நின்றது. செவியாண்டி வந்ததும் எல்லாரும் மூச்சைக்கூட மெல்ல விட்டார்கள், அதையும் கொண்டுபோய்விடுவானோ என்று. வாசலை அடைத்துக்கொண்டு முரசின் வாய் இருட்டாகத் திறந்திருந்தது.

“இங்கேயே நின்று கேட்கிறேன். அடி,” என்றான்.

“உங்க இஷ்டம் சாமி. எல்லாரும் முரசை வெளியே நின்னுதான் கேப்பாங்க. நீங்களும் அப்படியே கேக்கலாம்,” என்றாள் பவளாயி.

செவியாண்டி முரசின் வாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் முரசைப் பார்த்தான். குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினான். பிறகு ஒரு காலை வைத்தான். பிறகு மற்றக் காலையும் வைத்தான். உள்ளே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. பட்டறைக்குள் மரங்கொத்தி சும்மா இருந்தது.

பவளாயி பட்டறையின் பக்கவாட்டுக்கு ஓடினாள். ஓலைக் கூரையின் இடுக்கில் வாயை வைத்து, “ஏங்க,” என்று கூப்பிட்டாள். “ஏங்க, தட்டுங்க.”

“யாரும்மா நீ?” என்று உள்ளேயிருந்து கேட்டது பறவை. “என்னையா கூப்பிடறே?”

“உங்களைத்தான்.”

“உன் பேரு எனக்குத் தெரியாதே.”

“தெரியாட்டிப் பரவாயில்லை. உங்க பேரும் தெரியாட்டிப் பரவாயில்லை. தட்டுங்க.”

பறவை சிறகடித்து முரசின் முதுகில் போய் ஒட்டிக்கொள்வது கேட்டது. பிறகு வந்தது. டொக், டொக், டொக்.

“மரம் அறிவேன், வேங்கை,” என்று முரசுக்குள்ளிருந்து செவியாண்டியின் குரல் வந்தது. “தோல் அறிவேன், எருமை. தட்டுகிற அலகு அறிவேன், நானே கொடுத்தது. இந்த ஓசையின் பெயர்...”

ஊர் காத்திருந்தது.

“இன்னொரு தரம்,” என்றான்.

டொக், டொக், டொக்.

“இன்னொரு தரம்.”

டொக், டொக், டொக்.

அப்புறம் அவன் கேட்கவே இல்லை. பறவை தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. பவளாயி முரசின் வாயருகே குனிந்து பார்த்தாள். செவியாண்டி கண்ணை மூடிக்கொண்டு, தாடையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்தபோது அவன் மந்திரவாதிபோல் தெரியவில்லை. அழைத்துப்போக யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறவன்போல் இருந்தான்.

“இதற்குப் பெயர் என்ன?” என்று மெதுவாகக் கேட்டான்.

“எனக்கும் தெரியாது சாமி. உள்ளே உக்காந்து கேட்டவ நான் ஒருத்திதான். நான் பேரு வைக்கலை.”

“நான் வைக்கலாம். இப்போதே வைக்கலாம். ஒரு சொல் போதும்.”

பவளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் நினைத்திருக்கவில்லை. புதிதாக ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனாலும் அவளுக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை நாளாகவே தெரிந்துகொள்ள நினைத்தது.

“வைங்க சாமி. வச்சா குடத்துக்குப் போயிடும். அந்தக் குடத்தையெல்லாம் நீங்க எப்பவாவது திறந்து கேப்பீங்களா?”

செவியாண்டி கண்ணைத் திறந்தான்.

“திறந்தால் ஓடிவிடும்,” என்றான்.

“அப்ப நீங்களும் கேக்கறதில்லை.”

“இல்லை. நானும் கேட்பதில்லை.”

மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. செவியாண்டி ஒரு தரம் வாயைத் திறந்தான். பெயர் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும், உதடு அசைந்தது. ஆனால் அவன் உதட்டை மூடி, அந்தச் சொல்லை மென்று விழுங்கிவிட்டான். “எனக்குத் தெரியவில்லை,” என்றான். நூறு வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தரம்.

அந்த வார்த்தையோடு அவன் மந்திரமும் அற்றுப்போனது. குடமலையில் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. வடக்கேயிருந்து காற்றுபோல் ஏதோ இறங்கி வந்தது. முதலில் ஏழு ஓடைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. அப்புறம் வண்டி மாட்டின் கழுத்து மணி கிணுகிணுத்தது. மாடே பயந்து நாலு எட்டு பின்வாங்கியது. எங்கேயோ ஒரு வீட்டில் மத்து தயிரில் புரண்டது. ஊர் ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள், ஒருவரையொருவர் “கேட்டியா, கேட்டியா” என்று இடித்துக்கொண்டார்கள்.

பட்டறைக்குள் மரக்குவியல் சரிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு மனிதக் குரல்.

“பவளம், வாயெல்லாம் எறும்பு.”

பவளாயி சுவரில் சாய்ந்து நின்றாள்.

“பவளம், வெளியே வர வழியில்லை. வாசல்ல யாரோ உக்காந்திருக்காங்க. வேட்டியும் இல்லை.”

மூக்காயி தன் வீட்டுக்காரரின் வேட்டியைக் கொண்டுவந்து கூரை இடுக்கு வழியே போட்டாள். “எட்டு முழம். கிழிக்காம திருப்பிக் கொடு,” என்றாள்.

செவியாண்டி முரசைவிட்டு வெளியே வந்தான். ஓர் ஓசைக்குக்கூட அவனுக்கு இப்போது பெயர் நினைவில்லை. தெருவில் நடந்துபோகையில் ஒரு வீட்டு வாசலில் நின்று, “இது என்ன சத்தம்?” என்று கேட்டான். “அம்மி அரைக்கிற சத்தம்,” என்று சொன்னார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டில் நின்றான். அப்படியே கேட்டுக்கேட்டு நாடு முழுவதும் போனானாம். யாரும் அவனை விரட்டவில்லை.

ராஜா வைக்கோலைப் பிரித்து அரண்மனை முரசை எடுத்தார். பவளாயியின் பட்டறைக்கு மூன்று தலைமுறைக்கு மரம் இலவசம் என்று அதை அடித்துச் சொன்னார். முரசை வெளியே கொண்டுவர யானை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளும் மாடப்பனும் முரசைப் பட்டறைக்குள்ளேயே திருப்பித் தள்ளி வைத்தார்கள். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். மாடப்பன் வெளியே நின்று விரல் முட்டியால் தட்டினான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

அவள் முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள்.

“பவளம், இன்னுமா? போதுமா?”

“ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றாள் உள்ளேயிருந்து. “தட்டுங்க.”

அவன் தட்டினான். அவர்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு நாம் வருவோம். கதை சொன்ன வாய்க்கு ஒரு வாய் தண்ணீர். கேட்ட காதுகளுக்கு இன்னும் நெடுங்காலம் நல்ல சத்தங்கள்.